ஸ்கேன் படங்கள் நோயாளியின் உரிமை

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ளது நாராயணவனம். நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் வாழும் இத்தகைய ஊர்களில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால், புத்தூரில் தொடங்கும் அலைச்சல் திருப்பதியின் ரூயா அரசு மருத்துவமனை, சுவிம்ஸ் என்று நீண்டு, வேலூர், சென்னை வரை செல்கிறது. செல்லுமிடமெல்லாம் முந்தைய ஸ்கேன் படங்களைக் கேட்கிறார்கள். பெரும்பாலான ஏழை நோயாளிகளின் கையில் இருப்பதோ ஓர் அறிக்கையும் இரண்டொரு ஃபிலிமும் மட்டுமே. விளைவு, மீண்டும் ஸ்கேன், மீண்டும் கடன்.

ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் பதிவாகின்றன. ஃபிலிமில் அச்சிடப்படுபவை அவற்றில் தேர்ந்தெடுத்த சில. அறிக்கை என்பது ஒரு மருத்துவர் அப்படங்களைப் பார்த்து எழுதிய கருத்து. அறுவை சிகிச்சையைத் திட்டமிடவும், கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என ஒப்பிடவும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் ‘டைகாம்’ எனும் வடிவில் உள்ள முழுப் படத்தொகுப்பு தேவை. அதைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ பதிந்து தருவது சில நிமிட வேலை, செலவும் சொற்பம்.

அது கிடைக்காததால் பணம் மட்டும் வீணாவதில்லை. மார்பு எக்ஸ்ரேயைக் காட்டிலும் மார்பு சி.டி. ஸ்கேனில் பல பத்து மடங்கு அதிகக் கதிர்வீச்சு உடலில் பாய்கிறது. தேவையின்றி அதை மீண்டும் எடுக்க வைப்பது நோயாளியின் உடல்மீது சுமத்தப்படும் கூடுதல் பாரம். ஆனால் மறு ஸ்கேன் ஒவ்வொன்றும் தனியார் மையத்திற்கு வருமானம். அனுப்பி வைத்தவருக்குக் கமிஷன். மருத்துவம் சரக்காக்கப்பட்டதன் இயல்பான விளைவு இது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் இதை உரிமையாக வரையறுக்கிறது. ஒன்றிய அரசு 2019இல் அச்சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. அனுப்பியதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதிக்கொண்டது.

விதிகளிலும் ஓட்டைகள் உண்டு. ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்கச் சொல்லும் பிரிவு உள்நோயாளிகளை மட்டுமே குறிப்பிடுகிறது. ஸ்கேன் மையத்திற்கு வந்துபோகும் வெளிநோயாளிகளை அது கண்டுகொள்ளவில்லை. மேலும், நெறிமுறை விதிகள் கட்டுப்படுத்துவது மருத்துவரையே. மையத்தை நடத்தும் நிறுவன முதலாளியை அல்ல. தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த ஆந்திரத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. எல்லை தாண்டிச் சிகிச்சைக்கு அலையும் நோயாளிக்கோ இரு மாநிலங்களிலும் ஒரே உரிமை தேவைப்படுகிறது.

எனவே, ஸ்கேன் எடுத்த அன்றே அறிக்கையுடன் முழுப் படத்தொகுப்பையும் தனிக் கட்டணமின்றி வழங்குவதைப் பதிவு உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குள் தனியார் நடத்தும் ஸ்கேன் மையங்களுக்கும், அரசுக் காப்பீட்டில் பணம் பெறும் மருத்துவமனைகளுக்கும் இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வெளிநோயாளிகளின் படங்களையும் பாதுகாக்கும் காலம் வரையறுக்கப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவியும் அதை இயக்க நிரந்தர ஊழியர்களும் வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புதல் பெறலாம். அரசு மருத்துவமனையெனில் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. கட்டணம் செலுத்திய இடமெனில் நுகர்வோர் ஆணையம் உண்டு. தனியொரு நோயாளி கேட்டால் அலைக்கழிப்பவர்கள், சங்கமாகச் சென்று கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். நெசவாளர், விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது.