பேருந்து நிறுத்தமான கோட்டை

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்குக் கிழக்குக் கோட்டை நன்கு பழகிய பெயர். பேருந்துப் பலகைகளில் அப்பெயரைக் காணலாம். நடத்துநர் அதைக் கூவுவதைக் கேட்கலாம். சாலைக் கடைத்தெருவுக்குச் செல்வோரும் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்வோரும் அங்கேயே இறங்குகின்றனர். ஆயினும், அப்பெயருக்குக் காரணமான கோட்டை வாயிலை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. வரலாற்றுச் சின்னம் ஒன்று பேருந்து நிறுத்தத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது.

அவ்வாயில் சொல்லக்கூடிய செய்திகளோ பல. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர். 1750இல் அவர் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். பின்னர், 1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. பழைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது; ஆனால் அங்குள்ள அரண்மனையைப் பேணுவது கேரள அரசு. 1956இல் மாநில எல்லைகள் மாறின, உறவு மாறவில்லை. இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம், வேளிமலை, சுசீந்திரம் ஆகிய ஊர்களிலிருந்து தெய்வத் திருவுருவங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றன. அவற்றுள் சரசுவதி திருவுருவம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் வைத்து வழிபடப்படுகிறது. இவ்வரலாறு மலையாளிகளுக்கும் தமிழர்களுக்கும் பொதுவானது.

கோட்டைக்குள் கோயிலின் அருகே குதிரைமாளிகை உள்ளது. இசைமேதையாக விளங்கிய மன்னர் சுவாதித் திருநாள் கட்டுவித்த அரண்மனை அது. அதன் கூரை விளிம்பின் கீழ் மரத்தில் செதுக்கப்பட்ட 122 குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. மன்னர் 1846இல் மறைந்தபின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அம்மாளிகையின் ஒரு பகுதியே இன்று அருங்காட்சியகமாகத் திறந்துள்ளது. கோட்டை வாயில், தெப்பக்குளம், கோயில், மாளிகை, மண்டபம் ஆகிய அனைத்தும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. ஆயினும், அவற்றை ஒரே வரலாறாக இணைத்துக் காணும் வாய்ப்பு வழிப்போக்கருக்கு எளிதில் கிட்டுவதில்லை.

"நகரம் வளர்கிறது; பேருந்தும் கடையும் வேண்டாவா?" எனச் சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. மக்கள் நடமாட்டத்தை விலக்கிவிட்டு வெறுங்கல்லைக் காப்பதில் பயனில்லை. ஆனால் இங்கே வேண்டுவது பேருந்தை விரட்டுவதன்று. நின்று பார்க்கச் சிறிது இடம் வேண்டும். தமிழ் உட்படப் பல மொழிகளில் தெளிவான விளக்கப் பலகைகள் வேண்டும். வார இறுதியில் வழிகாட்டியுடன் ஒரு மணிநேர நடைப்பயணம் வேண்டும். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் நடத்தப்பட்டுவந்த ஒலி ஒளிக் காட்சி, பழங்கட்டடத்தின் கதையை எளிய மக்களிடமும் கொண்டுசேர்க்க இயலும் என்பதற்குச் சான்று. சின்னத்தைச் சிதையாமல் காப்பது பாதிக் கடமையே. அதன் பொருளை மக்களுக்கு உணர்த்துவது மறுபாதி.

கல்லைப் பேசவைத்த தமிழர் ஒருவர் இந்நகரிலேயே வாழ்ந்தார். ஆலப்புழையில் 1855இல் பிறந்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். 'மனோன்மணீயம்' நாடகத்தை இயற்றியவர் அவரே. தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து அந்நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் பழங்கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டு அரசர்களின் வரலாற்றை ஆராய்ந்தார். பலர் கடந்துசென்ற கற்களின்முன் அவர் நின்றார். அதனால் மறைந்திருந்த வரலாறு வெளிப்பட்டது.

பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய ஊர் வேற்றூர் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வூரின் வரலாற்றை அறிந்தவர்க்கு அவ்வெண்ணம் நீங்கும். பலகை வைப்பதும் வழிகாட்டியை அமர்த்துவதும் அரசின் பொறுப்பு. நின்று நோக்குவதும், பெரியோரிடம் கேட்டறிவதும், சுவரில் பெயர் கிறுக்காமல் காப்பதும் மாணவர் இன்றே தொடங்கக்கூடியவை. பார்க்கும் கண்கள் பெருகினால், பேணும் கைகளும் பெருகும்.

சிந்தித்து விடையளிக்க:

1. கிழக்குக் கோட்டை 'பேருந்து நிறுத்தத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது' எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. சின்னத்தைக் காப்பது 'பாதிக் கடமையே' என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.
3. உன் வீட்டருகே உள்ள பழைய கட்டடம் ஒன்றிற்கு ஐந்து வரிகளில் விளக்கப் பலகை எழுதுக.