கைராசி

"எனக்குக் கைராசியே கிடையாது, ஸார்!" என்று அலுத்துக் கொள்கிறவரா நீங்கள்?

கொல்லையில் ஆசையாக நாலு புகையிலைச் செடி வைத்தீர்கள். பக்கத்திலேயே தக்காளியும் மிளகாயும் போட்டீர்கள். ஒரு மாதம் எல்லாம் செழித்தன. பிறகு புகையிலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல் படர்ந்தது, இலை சுருங்கிற்று. சில நாளில் தக்காளிக்கும் அதே கதி! ஜாதகத்தைப் புரட்டாதீர்கள். முதலில் கையைப் பாருங்கள்.

இதற்குத் தேமல் நோய் என்று பெயர். 1892-ல் ருஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். அப்படியும் அந்தச் சாறு நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கிற்று.

இந்த வைரஸ், உலர்ந்த இலையிலும் வருஷக்கணக்கில் சாகாமல் இருக்கும். ஆகவே மூக்குப்பொடியோ, சுருட்டோ, வாய்ப் புகையிலையோ தொட்ட கையோடு செடியைத் தடவினால், அன்போடு நோயையும் கொடுத்து விடக்கூடும்.

வந்த பிறகு மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான்; ஆனாலும் நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போடாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். கத்தரியும் இதே குடும்பந்தான். ஆகையால் அந்தப் பாத்தியில் அடுத்த தடவை மக்காச்சோளம் போடுங்கள்.

கைராசி ரேகையில் இல்லை, ஸார், சோப்பில் இருக்கிறது!