சொடக்குக்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள்!

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் திருவண்ணாமலையில் இதைப் பார்க்கலாம். ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம். அதற்கு முன்போ பின்போ பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூக்கம். விடிந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. 'சுளுக்கிக்கிச்சு' என்று நேராக சலூனுக்குப் போய், 'ஒரு சொடக்கு எடுத்து விடுப்பா' என்பார்கள். 'சடக்'கென்று சத்தம் கேட்டால் பரம திருப்தி!

நான் சித்த மருத்துவன். எண்ணெயும் ஒத்தடமும்தான் என் தொழில். நானே சொல்கிறேன்... இந்தச் சொடக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன் தெரியுமா? கழுத்தில் 7 எலும்புகள். அவற்றின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. சடாரென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்! அபூர்வம்தான்; ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2022-ல் ஹைதராபாத்தில், அழகு நிலையத்தில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் சாய்த்த 50 வயதுப் பெண்மணிக்குப் பக்கவாதம் வந்தது. திருகக்கூட இல்லை, சாய்த்ததுதான்.

'இதுவும் வர்மம்தானே டாக்டர்?' என்கிறார்கள். இல்லவே இல்லை. வர்மத்தில் இடம் உண்டு. அழுத்தத்துக்குக் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளவும் உண்டு.

பெரும்பாலான கழுத்துப் பிடிப்பு, தசை இறுக்கம்தான். சில நாளில் தானாகவே விட்டுவிடும். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சூட்டை இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்தே கிடக்காமல் கழுத்தை மெதுவாக அசையுங்கள். ரெண்டு தலையணை வேண்டாம். செல்போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். சுமார் 5 கிலோ தலையை மணிக்கணக்கில் குனிந்து தாங்கினால் கழுத்து என்ன செய்யும், பாவம்!

'எக்ஸ்ரேயில எலும்பு தேஞ்சிருக்காமே' என்று கலங்க வேண்டாம். ஐம்பதைத் தாண்டினால், வலியே இல்லாதவர்கள் பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும்.

ஆனால் கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கீழே விழுந்தபின் வலித்தாலோ, சொடக்குக்குப் பிறகு தலை சுற்றிப் பேச்சு குழறினாலோ... எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். என்னிடமும் வராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

அடுத்த பௌர்ணமிக்கு வரும்போது ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தூங்குங்கள். சலூனில் முடிவெட்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.