பால் குடிக்கும் பூனைக்கு வயிறு கெடுவது ஏன்?

கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகும் சகோதரிகளுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. மீன் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில், தாயில்லாத பூனைக்குட்டிகள் மூன்று நான்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும். யாரோ இரவில் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து விட்டவை. விட்டவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. 'இங்கே விட்டால் மீன் கழிவையாவது தின்று பிழைக்கும்' என்ற நினைப்பில்தான் விடுகிறார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்றுதான்: "வீடெல்லாம் கழிஞ்சு வைக்குது. எத்தின தரம் கழுவுற?"

சகோதரிகளே, அந்தக் கழிச்சலுக்குக் காரணம் பல வேளைகளில் குட்டியிடம் இல்லை. நமது குசினியில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் நாய் வளர்ப்போர் குறைவு. பூனை வந்துபோகாத வீடு அதைவிடக் குறைவு. அது அசுத்தமான பிராணி அல்ல என்பதால் அடுப்படி வரை வர விடுகிறோம். ஆனால் அதன் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பாலில் என்ன பிழை?

பூனை என்றால் பால் என்று சிறு வயதுப் பாடப்புத்தகத்திலிருந்தே படித்து வந்தவர்கள் நாம். தாயிடம் குடிக்கும் காலத்தில் குட்டியின் குடலில் பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதியம் நிறையச் சுரக்கும். லக்ரோஸ் என்பது அந்தச் சர்க்கரையின் பெயர். நாலு வாரத்தில் குட்டி இரை தின்னத் தொடங்கி, எட்டு வாரமளவில் பாலை மறக்கும். அதோடு அந்த நொதியமும் குறைந்துபோகும். பிறகு நாம் ஊற்றும் பசுப்பாலோ பால்மாவோ உடைபடாமல் குடலில் தங்கி, உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. மிச்சத்தைக் கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும். வயிறு உப்பும், இரைச்சல் கேட்கும், சில மணித்தியாலத்தில் தண்ணீராகக் கழியும்.

முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த லக்ரோஸ்தான். 2022இல் ஒரு பால்மாப் பைக்காக வரிசையில் நின்ற நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு அருமையான பொருளைச் சீனியும் போட்டுக் கரைத்துப் பூனைக்கு ஊற்றுவதில் இரட்டை நட்டம். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது! இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தார் 2005இல் கண்டறிந்தார்கள். பூனை பாலைத் தேடி வருவது அதிலுள்ள கொழுப்பின் வாசனைக்கு.

"எங்கட பூனை பத்து வருசமாப் பால் குடிக்குது, ஒண்டும் ஆகல்லயே" என்று சிலர் சொல்லக்கூடும். ஆம், சில பூனைகள் தாங்கிக்கொள்ளும். கழியாத பூனைக்குக் கொஞ்சம் கொடுப்பதில் பெரிய கேடில்லை. கழிகிற பூனைக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம். எருமைத் தயிரில் லக்ரோஸ் சற்றுக் குறைவு. ஆனாலும் அதை மருந்தென்று நினைத்துவிட வேண்டாம். நாலு வாரத்துக்கும் குறைந்த தாயற்ற குட்டியின் கதை வேறு. அதற்குக் குட்டிகளுக்கென்று செய்த பால்மா தேவை. கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆணச் சோறு

பாலுக்கு அடுத்தபடி நாம் வைப்பது மிஞ்சிய சோறும் ஆணமும். ஆணத்தில் தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், உப்பு, வெங்காயம், உள்ளி எல்லாம் இருக்கின்றன. கொழுப்பும் உறைப்பும் வயிற்றைக் கலக்கும். வெங்காயமும் உள்ளியும் அதைவிடப் பொல்லாதவை. பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் தூளாக இருந்தாலும் அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். ஒரு நாளில் தெரியாது. நாள்பட மெலிந்து, முரசு வெளிறிப்போய்ப் படுத்துவிடும். கருவாட்டில் உப்பு மிகை.

பூனை இறைச்சி தின்னப் படைக்கப்பட்ட பிராணி. டோரின் என்ற சத்தைப் போதிய அளவு தன் உடம்பில் செய்துகொள்ள அதனால் முடியாது. மீன், இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பூனையின் கண்ணின் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் பலவீனப்பட்டு வீங்கும் என்று 1987இலும் ஆய்வுகள் காட்டின. சோற்றால் வயிறு நிறையும். பூனையின் உடம்புக்கு அது மட்டும் போதாது.

மூத்தம்மா தந்த மூன்று நாள்

சென்ற வருடம் மருதமுனையில் என் தங்கச்சி வீட்டில் இதே பிரச்சினை வந்தது. அவளுடைய இளைய மகன் தெருவில் கிடந்த இரண்டு மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்து வளர்த்தான். மூத்த மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. குட்டி கட்டிலடி, தறியடி என்று வீடெங்கும் கழிந்து வைத்தது. மகன் எனக்குப் போன் எடுத்தான். "பெரியம்மா, மூத்தம்மா சாக்கு எடுத்து வச்சிட்டாங்க, கெதியா வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது மூத்தம்மா திண்ணையில் இருந்தார். "வயித்துப்புள்ளக்காரி இரிக்கிற ஊட்டுக்க இந்த நாத்தம் என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். குட்டி என்ன தின்கிறது என்று விசாரித்தேன். காலை, பகல், மாலை சீனி போட்ட பால்மா. இரவில் பாலாணம் ஊற்றிப் பிசைந்த சோறு. மூன்று நாள் தவணை கேட்டேன். "மூணு நாள்தான். நாலாம் நாள் சாக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த மூன்று நாளும் செய்தது இவ்வளவுதான். பாலும் ஆணமும் நிறுத்தினோம். உப்பும் தூளும் போடாமல் மீனை அவித்து, முள் ஒன்று விடாமல் எடுத்து உதிர்த்தோம். அதோடு குழைய வெந்த சோறு கொஞ்சம்: மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு சோறு. அவித்த தண்ணீரையும் ஊற்றிப் பிசைந்தோம். ஏனெனில் டோரின் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். ஒரு தடவைக்கு ஒரு மேசைக்கரண்டி, நாளுக்கு ஆறு தடவை. குட்டி தாங்கத் தாங்க அளவைக் கூட்டினோம். குட்டியைப் பட்டினி போடக்கூடாது. வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். சுத்தமான தண்ணீரைச் சாப்பாட்டுக்குச் சற்றுத் தள்ளி வேறொரு கோப்பையில் வைத்தோம். ஒரு பிளாஸ்டிக் தட்டில் மணல் பரப்பி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் குட்டியை அதில் விட்டோம்.

முதல் நாள் மாற்றமில்லை. இரண்டாம் நாள் கழிச்சல் குழைவாக வந்தது. மூன்றாம் நாள் கெட்டியாக வந்தது. ஆனால் அதில் இடியப்ப இழை போல வெள்ளைப் புழுக்கள் இரண்டு கிடந்தன! தாய்ப்பாலோடே குட்டிக்குள் போகும் புழு அது. சாப்பாட்டை மட்டும் மாற்றினால் அது போகாது. அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் குட்டியை நிறுத்துப் பார்த்து மருந்து கொடுத்து, இரண்டு வாரத்தில் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நாலாம் நாள் மூத்தம்மா சாக்கைப் பற்றிப் பேசவில்லை. "மீன் அவிஞ்சிட்டா?" என்று குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில்

மூத்தம்மாவின் பயத்தில் உண்மை இருக்கிறது. பூனையின் மலத்தின் வழியாக டொக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பரவலாம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. மலத்தோடு வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். அதைக் கர்ப்பிணி அல்லாத வேறொருவர் செய்ய வேண்டும். பூனைக்கு அந்த நுண்ணுயிர் வருவதே எலி, குருவி, பச்சை இறைச்சி ஆகியவற்றால்தான். அவித்த இரை கொடுத்து வீட்டோடு வைத்திருக்கும் பூனையால் ஆபத்து மிகக் குறைவு. சரியாக வேகாத இறைச்சியாலும், மண் போகக் கழுவாத கீரையாலும் இதே நோய் நமக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பூனையின் சாப்பாட்டைத் திருத்துவது வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு காவல்.

வீட்டில் உள்ளதைக் கொண்டே

"மீன் விற்கும் விலைக்குப் பூனைக்கு அவித்துக் கொடுப்பதா?" என்று கேட்பீர்கள். கரைவலைக் காலத்தில் கீரி, சூடை மலிவாகக் கிடைக்கும்போது அவற்றைக் கொடுங்கள், அவித்தே கொடுங்கள். சாளை இனத்து மீன்கள் பலவற்றில் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் உண்டு. பச்சையாகவே தின்று வரும் பூனைக்குத் தலை சாய்ந்து, நடை தள்ளாடி, வலிப்பும் வரலாம். சூட்டில் அந்த நொதியம் அழிந்துவிடும். கோழிக் கடையில் ஈரலோடு கிடைக்கும் இதயம் டோரின் நிறைந்தது. ஈரலை மட்டும் அளவோடு கொடுங்கள்; தினமும் தின்றால் விற்றமின் ஏ மிகையாகி எலும்பைக் கெடுக்கும்.

மலச்சிக்கலும் ஒரு வயிற்று நோய்தான். முள்ளும் எலும்பும் தின்ற கிழட்டுப் பூனைகளுக்கு அது அதிகம். உப்பில்லாமல் அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டியை மீனோடு பிசைந்து கொடுங்கள். தண்ணீரும் நிறைய உள்ளே போகட்டும்.

வயிறு சரியான பின், வளரும் குட்டிக்கு மீனும் சோறும் மட்டும் போதாது. எலும்புக்குக் கல்சியம் வேண்டும். வசதியிருந்தால் கடையில் விற்கும் குட்டிகளுக்கான உணவை ஒருவேளையாவது கொடுங்கள். எந்த உணவையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

தாமதிக்கக் கூடாத வேளைகள்

சாப்பாட்டால் தீராத நோய்களும் உண்டு. கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

1. கழிச்சலோடு வாந்தியும், சோர்வும், சாப்பிட மறுத்தலும் இருந்தால். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் வைரஸ் நோயொன்று இப்படித்தான் தொடங்கும். அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போடலாம்.

2. மலத்தில் இரத்தம் அல்லது கறுப்பு நிறம்.

3. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நின்றால். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

4. நூல் விழுங்கியிருந்தால். இது தறியும் தையல் மெசினும் உள்ள வீடுகளுக்கு. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருப்பதால் வாயில் அகப்பட்ட நூலைத் துப்ப அதனால் முடியாது, உள்ளேதான் போகும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். நூல் கட்டைகளையும் வெட்டுத் துண்டுகளையும் மூடி வையுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் பூனைக்குப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அரைத் துண்டே உயிரைப் பறிக்கப் போதும்.

கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். பூனையையும் கொண்டுபோய்க் காட்டலாம். அங்கு இயலாத நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை இருக்கிறது.

சாக்கை எடுக்குமுன் கோப்பையைப் பாருங்கள், சகோதரிகளே. அதில் பால் இருந்தால் கொட்டிவிட்டுத் தண்ணீர் வையுங்கள். அடுப்பில் ஒரு துண்டு மீனை அவிய விடுங்கள். மூன்று நாள் பொறுங்கள்.