அலமாரியில் உறங்கிய ஆய்வுகள்

புது தில்லியில் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பொருளை ஆராய்வது, யாரிடம் நிதி பெறுவது, எத்தனை மாதங்களில் முடிப்பது என்றெல்லாம் அவை ஆண்டுதோறும் திட்டமிடுகின்றன. ஆனால், முடிந்த ஆய்வை மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் எப்போது படிக்க முடியும் என்ற கேள்விக்கு அத்திட்டங்களில் போதிய இடம் தரப்படுவதில்லை. அதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு, கறுப்புப் பணம் குறித்து நடத்தப்பட்ட மூன்று ஆய்வுகளின் வரலாறே சான்று.

உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் உள்ள கணக்கில் வராத வருமானமும் சொத்தும் எவ்வளவு என்று மதிப்பிடும் பணியை, 2011 மார்ச்சில் மத்திய நிதியமைச்சகம் மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம், தேசிய பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி கவுன்சில், ஃபரீதாபாதில் உள்ள தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் ஆகியவையே அவை. கறுப்புப் பணப் பிரச்னை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் புயலைக் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது.

முதல் நிறுவனத்தின் அறிக்கை 2013 டிசம்பர் இறுதியில் அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் 2014 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்தன. இடையில் ஆட்சி மாறியது. அறிக்கைகளின் நிலை மாறவில்லை. 2017-ல்தான் அவை நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் அளிக்கப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றின் நகல் கேட்கப்பட்டபோது, அவற்றை வெளியிடுவது நாடாளுமன்றத்தின் உரிமையை மீறுவதாகும் என்று நிதியமைச்சகம் மறுத்துவிட்டது. இறுதியில், வீரப்ப மொய்லி தலைமையில் இயங்கிய அந்த நிலைக்குழுவின் அறிக்கை 2019 ஜூன் 24-ம் தேதி மக்களவையில் வைக்கப்பட்டபோதுதான், ஆய்வுகளின் சாரம் பொதுவெளிக்கு வந்தது. முதல் அறிக்கை அரசிடம் வந்து அப்போது ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடைவெளியில்தான் 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கறுப்புப் பண ஒழிப்பே அதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று. செல்லாதவையாக்கப்பட்ட ரூ.15.41 லட்சம் கோடியில் ரூ.15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2018-ல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. வங்கி வாசல்களில் கால்கடுக்க நின்றவர்களுக்கும், வேலையிழந்த தினக்கூலிகளுக்கும், கறுப்புப் பணம் எங்கே, எந்த வடிவில் உள்ளது என்று அரசே பணித்து நடத்திய ஆய்வுகள் அலமாரியில் இருந்தது தெரியாது. அவர்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டிய எம்.பி.க்களின் கையிலும் அவை இல்லை.

அறிக்கைகள் வெளிவந்திருந்தாலும் அந்த முடிவு மாறியிருக்காது என்று சிலர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கறுப்புப் பணம் பெரும்பாலும் பினாமி சொத்துகளாகவும் தங்கமாகவும் நகைகளாகவும் இருப்பதால் நோட்டுகளைச் செல்லாதவையாக்குவது தீர்வாகாமல் போகலாம் என்று, மத்திய நேரடி வரிகள் வாரியத் தலைவர் தலைமையிலான குழு 2012-லேயே கூறியிருந்தது. ஆய்வின் முடிவை ஏற்பதும் மறுப்பதும் ஆட்சியாளர்களின் உரிமை. ஆனால், எதை மறுக்கிறார்கள் என்பதை அறிவது மக்களின் உரிமை.

வெளியீடு தடைபட்டதால் ஆய்வின் தரத்துக்கும் இழப்பு நேர்ந்தது. 1980 முதல் 2010 வரை வெளிநாடுகளில் குவிந்த சொத்து 38,400 கோடி டாலர் முதல் 49,000 கோடி டாலர் வரை என்றது ஆராய்ச்சி கவுன்சில். 1990 முதல் 2008 வரை வெளியேறியது சுமார் 21,648 கோடி டாலர் என்றது நிதி மேலாண்மை நிறுவனம். பொது நிதி நிறுவனமோ, 1997 முதல் 2009 வரையிலான காலத்துக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதம் முதல் 7.4 சதவீதம் வரை என்றது. காலமும் வேறு, அளவுகோலும் வேறு. மூன்றையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது எப்படி? மதிப்பிடும் முறையில் கருத்தொற்றுமை இல்லை என்று நிலைக்குழுவே குறிப்பிட நேர்ந்தது. ஆய்வாளர்களின் உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. பணியை வகுத்த விதமே குறையுடையது. இதே பொது நிதி நிறுவனம் 1985-ல் அளித்த கறுப்புப் பொருளாதார ஆய்வு வெளியிடப்பட்டது. அதன் முறைகள் விமர்சிக்கப்பட்டன. இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. பிந்தைய மூன்றுக்கும் அத்தகைய விவாதம் உரிய காலத்தில் வாய்க்கவில்லை.

இதிலிருந்து ஆய்வு நிறுவனங்கள் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, அரசிடம் பணி ஏற்கும்போதே வெளியீட்டுத் தேதியை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ஒப்படைத்த ஆறு மாதங்களில் அறிக்கை தானாகவே பொதுச்சொத்தாக வேண்டும். புலனாய்வுக்கு ஊறு விளைவிக்கும் பகுதிகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கலாம். இரண்டாவது, பல நிறுவனங்கள் ஒரே பொருளை ஆராயும்போது காலவரையறையும் சொற்பொருளும் முன்கூட்டியே பொதுவாக்கப்பட வேண்டும். மூன்றாவது, நிதியின் ஒரு பகுதியை, எந்த அமைச்சகமும் கேட்காத கேள்விகளுக்கென ஒதுக்க வேண்டும். தணிக்கை அறிக்கைகளிலும் நிலைக்குழுக்களின் நிறைவேறாத பரிந்துரைகளிலும் அத்தகைய கேள்விகள் ஏராளம். மனை வணிகம், சுரங்கம், கல்வி நிறுவனங்கள், குட்கா தொழில் எனக் கணக்கில் வராத பணம் புரளும் துறைகளை நிலைக்குழு சுட்டியதே ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் போதுமானது.

நாடாளுமன்றத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. 17-வது மக்களவையிலோ அது 16 சதவீதமாகச் சுருங்கியது. குழுக்களின் கதவு மூடப்பட்டால், ஆய்வு நிறுவனங்கள் சென்று சேர வேண்டிய இடமே இல்லாமல் போய்விடும். அரசின் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கொள்கை ஆய்வும் குறித்த காலத்தில் அவையில் வைக்கப்பட வேண்டும் என்ற விதியை இரு அவைகளும் வகுத்துக்கொள்வதே முறையாகும்.