கிளுவையைப் புடுங்கி முள்ளுக்கம்பி கட்டுற மகராசன்களுக்கு...

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு பாத்திருக்கீங்களா மக்களே? கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல நடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. தண்ணி பாய்ச்சாம, மழையை நம்பியே காலங்காலமா கெடக்குற மேய்ச்சல் காடு. இப்ப மினி டிராக்டரை ஓட்டிட்டு வந்து, சங்கிலியைப் போட்டு கிளுவையை வேரோட இழுத்துத் தள்ளிட்டு, கல்லுக்கால் நட்டு அஞ்சு வரிசை முள்ளுக்கம்பி கட்டிடறாங்க. ஒரே வாரத்துல வேலை முடிஞ்சுதாம். பெருமை வேற!

மாட்டுக்கே இது தேவையான்னு தனியா சண்டை போடலாம். குதிரை மேயற காட்டுல இதைப் பண்றாங்க பாருங்க, அதைத்தான் சகிச்சுக்க முடியலை. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில பெரிய பணம் குடுத்துக் குதிரை வாங்கத் தெரியுது, அதோட காலைப் பத்தித் தெரியலையே!

முள்ளுக்கம்பியே மாட்டை நிறுத்த வந்த சரக்கு. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் விவசாயி ஜோசப் கிளிடன் 1874ல காப்புரிமை வாங்கினது. மாடு குத்துனா பின்வாங்கும். குதிரை அப்படியில்லைங்க. மிரண்டா ஓடறதுதான் அதுக்குத் தெரிஞ்ச தற்காப்பு. கால் மாட்டிக்கிட்டா நின்னு யோசிக்காது, உதறி இழுக்கும். முழங்காலுக்குக் கீழ சதையே கிடையாது; தோலு, தசைநாண், எலும்பு அவ்ளோதான். நாண் அறுந்தா அந்தக் குதிரை கதை முடிஞ்ச மாதிரிதான். தப்பிச்சாலும் ரணஜன்னி பயம் இருக்கு. அது சுலபமா தாக்கற பிராணிகள்ல குதிரை முன்வரிசை.

எங்கூர்ல ஒருத்தர் குட்டிக்குப் பின்னங்கால் கிழிஞ்சு எலும்பு தெரிஞ்சுது. பக்கத்துல நின்னுக்கிட்டு, "புதுக்கம்பிங்க, துரு கூட இல்லை"ங்கறார். என்னத்தைச் சொல்ல?

"கிளுவையிலயும் முள்ளு இருக்கேப்பா"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது தூரத்துலயே கண்ணுக்குத் தெரியற சுவரு. கோடையில இலை கொட்டினாலும் குச்சி அடர்த்தியா நிக்கும். வந்து மோதுனா கொம்பு வளையும், ஒடியும். கம்பி ஒடியாது, காலுதான் ஒடியும். போதாததுக்கு ஆட்டுக்குத் தழையும் அதுலதான்.

டிராக்டர் மேல எனக்குக் கோவமில்லை. பொக்லைன் நுழையாத சந்துலயும் அது நுழையும். அதை வச்சுப் பட்டுப்போன கிளுவையை மட்டும் இழுங்க. சந்து விழுந்த எடத்துல வாய்க்கால் மாதிரி கீறி விட்டு, மழையை ஒட்டி நெருக்கமா போத்து நடுங்க. அது வேலியா நிக்கச் சில வருஷம் ஆகும்தான். அதுவரைக்கும் உள்பக்கமா காலு நட்டு, முள்ளில்லாத கம்பி கட்டி, கண்ணுக்குத் தெரியறாப்ல வெள்ளை நாடாவும் சுத்தி விடுங்க. குழி போடற துருவாணியை டிராக்டர்லயே மாட்டிக்கலாம். சுக்கான் கல்லு வந்தா அது நின்னுடும், அப்புறம் கடப்பாரைதான். அது சுத்தும்போது வேட்டியும் துண்டுமா கிட்ட போயிடாதீங்க சாமி, இழுத்துக்கும்.

கட்டின முள்ளுக்கம்பியைப் பிரிக்கறவங்க, வெட்டின துண்டு ஒண்ணைக்கூட புல்லுக்குள்ள விட்டுடாதீங்க.