எம்டனைத் தெரியும், அடலான்டாவைத் தெரியுமா?

விவரமான பையனைப் பார்த்தால் "சரியான எம்டன்டா இவன்!" என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது. நூறு வருஷம் தாண்டியும் நாக்கில் நிற்கிறது. அடித்தவன் பெயர் நின்றுவிட்டது. காவலுக்குப் பறந்தவன் பெயர்?

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பயணிகள் விமானங்களையும் கிளப் விமானங்களையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் மட்டும் 44 லெபர்ட் மாத் விமானங்கள் இப்படிப் போயின. பெரும்பாலும் அதிகாரியை ஏற்றிப்போவது, தபால் கொண்டுபோவது மாதிரி வேலைகள். இதில் தப்பே இல்லை. தபால்காரனுக்கு எதற்குத் துப்பாக்கி?

தப்பு எங்கே ஆரம்பிக்கிறது? அதே விமானத்தைக் கடற்கரைக் காவலுக்கு அனுப்பும்போது! 1941ல் ஐந்து அடலான்டா விமானங்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. இம்பீரியல் ஏர்வேஸ் காலத்துப் பயணிகள் விமானங்கள். நாலு எஞ்சின், வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். பிறகு அவை பரங்கிமலைக்கு வந்தன. ஜன்னல் வழியே சுட ஒரு .303 துப்பாக்கி. இதன் பெயர் 'கடலோரப் பாதுகாப்பு'!

எதிரே யார்? 1942 ஏப்ரல் 5ல் கொழும்பையும், 9ல் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானியப் படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. சென்னையிலிருந்து மரக்காணம் உப்பளம், கூனிமேடு என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடந்த கரைக்கு, இந்தக் கிழட்டு விமானங்களும் தன்னார்வப் படைக்காரர்களும்தான் கண்.

"போர்க்காலத்தில் இருப்பதை வைத்துத்தானே சமாளிக்கணும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்திய விமானப்படை தொடங்கியது 1932ல். 1939ல் போர் வந்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன்! ஏழு வருஷம் தூங்கிவிட்டு எட்டாம் வருஷம் அடுத்தவன் வண்டியைப் பிடுங்குவது சமாளிப்பு இல்லை, அலட்சியம். அதற்கு 'வீரம்' என்று பெயர் வைத்தால், பறந்தவனின் துணிச்சலைக் காட்டி அனுப்பியவனின் குற்றத்தை மறைப்பதாகிவிடும்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அரசு மீனவர்களைக் கடலோரப் பாதுகாப்பின் 'கண்ணும் காதும்' என்கிறது. அடையாள அட்டை, படகுக்குப் பதிவு, படகுக்கு வண்ணம் எல்லாம் வந்தது. சந்தேகமான படகைப் பார்த்தால் கூனிமேட்டு மீனவர் தகவல் சொல்ல வேண்டும். சொல்லட்டும், அது தபால் வேலை. ஆனால் வேலையை விட்டுத் தகவல் சொல்கிறவருக்கு அன்றைய கூலி யார் தருவது? ஆபத்து வந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? அதை எழுத்தில் தராமல் 'கண்ணும் காதும்' என்று கைதட்டுவது, பயணிகள் விமானத்து ஜன்னலில் துப்பாக்கி மாட்டிய அதே புத்தி.

அடுத்தவன் பொருளைப் போருக்கு வாங்குகிறவர்கள் முதலில் ரெண்டு விஷயம் சொல்லட்டும். என்ன வேலைக்கு? உடைந்தால் யார் பொறுப்பு? பாராட்டுவிழாவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.